மலைப்பாதையும் மாரடைப்பும்

வில்பட்டியில் விடியற்காலை ஒருவருக்கு நெஞ்சுவலி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் அரசு மருத்துவமனை பக்கம்தான். ஆனால் அடைபட்ட இரத்தக்குழாயை பலூன் வைத்துத் திறக்க வேண்டுமென்றால் மலையிறங்க வேண்டும். வத்தலக்குண்டு வழியாக மதுரைக்குச் சுமார் 120 கிலோமீட்டர். அதற்குள் இதயத்தசை பாதி செத்துவிடும். அப்படியானால் சின்ன மருத்துவமனை என்ன செய்வது?

ஒரு காலத்தில் எந்த மருத்துவமனையாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1912-ல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் மாரடைப்பைத் தெளிவாக விவரித்தபோது, அவர் சொன்ன வைத்தியம் படுக்கையில் ஓய்வு! 1933-ல் வில்லியம் டில்லெட் ஸ்ட்ரெப்டோகைனேஸைக் கண்டறிந்தார். இரத்தக்கட்டியைக் கரைக்கும் பொருள். கிடைத்தது தொண்டைப்புண் உண்டாக்கும் கிருமியிடமிருந்து. ஆனாலும் மாரடைப்புக்கு அது பலன் தரும் என்று பெரிய அளவில் நிரூபிக்க 1986 ஆயிற்று. இத்தாலியில் ஏறக்குறைய 11,700 பேரிடம் நடந்த ஜிஸ்ஸி ஆய்வில் இறப்பு 13 சதவீதத்திலிருந்து 10.7 ஆகக் குறைந்தது. இரண்டு வருடம் கழித்து, சாதாரண ஆஸ்பிரினும் உயிர் காக்கும் என்று ஐசிஸ்-2 காட்டியது.

சின்ன ஆஸ்பத்திரிக்கு இதுதான் பெரிய வரம். கேத் லேப் வேண்டாம். ஈசிஜி, ஊசி, கவனிக்க ஆள் இருந்தால் போதும். (மூளையில் இரத்தக்கசிவு ஆபத்து உண்டு, எல்லோருக்கும் போட முடியாது.)

தமிழ்நாட்டில் மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முள்ளாசேரி குழுவினர் 2012 முதல் 2014 வரை இதை ஒரு வலைப்பின்னலாக்கிப் பார்த்தார்கள். சிறிய மருத்துவமனையில் முதலில் கட்டியைக் கரைப்பது, பிறகு ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோகிராம் செய்வது. 2,420 நோயாளிகள். மருத்துவமனைக்குள் நடந்த இறப்பில் பெரிய மாற்றமில்லை. ஆனால் ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆனது. முன்-பின் ஒப்பீடுதான், குலுக்கல் முறை ஆய்வல்ல. இருந்தாலும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

2023-ல் தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டம் இன்னும் கீழே இறங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டேடின் மாத்திரைகளை உடனே கொடுத்து அனுப்புகிறார்கள். இது அடைப்பைத் திறந்துவிடாது. கட்டி மேலும் வளராமல் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் 2008-ல் வெளியான 'கிரியேட்' ஆய்வைப் பார்த்தால், இந்திய நோயாளிகளுக்கு வலி தொடங்கி மருத்துவமனை வந்துசேர ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். உள்ளே வந்தபின் ஊசி போட ஆனது 50 நிமிடம்தான். அந்த ஆறு மணி நேரத்தில் எத்தனை வீடுகளில் "வாயுதான்" என்று சோடா வாங்கிக் கொடுத்தார்களோ!