ஏ.சி. கேஸும் மெழுகுவர்த்தியும்

1920களின் வீட்டு ஃபிரிட்ஜ்களில் ஓடியது சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள். குழாய் கசிந்தால் தூங்குபவர்களின் உயிரே போகும். பெர்லினில் ஒரு குடும்பம் அப்படி இறந்த செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டீனும் (ஆம், அதே ஐன்ஸ்டீன்!) லியோ சிலார்டும் கசிய வழியில்லாத ஃபிரிட்ஜை வடிவமைக்க இறங்கினார்கள் என்பார்கள். அது கடைக்கு வரவில்லை.

வந்தது ஃப்ரியான். 1930ல் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லி, கூட்டத்தின் முன் அந்த வாயுவை மூச்சு நிறைய இழுத்து, மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சு இல்லை, தீயும் பிடிக்காது! இந்த நிம்மதியில் அலட்சியமும் வளர்ந்தது. ஸ்பிளிட் ஏ.சி., ஹீட் பம்ப் மாட்டும்போது குழாயிலுள்ள காற்றைத் தள்ள, கேஸையே கொஞ்சம் திறந்துவிடுவது பலருக்குப் பழக்கமானது.

இத்தகைய வாயுக்கள் ஓசோனை அரிக்கும் என்று 1974ல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடவில்லை. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல் சுமார் 2,000 மடங்கு. 2012ல் டைக்கின் ஜப்பானில் வீட்டு ஏ.சி.க்குக் கொண்டுவந்த ஆர்-32 அதில் மூன்றிலொரு பங்குதான். ஆனால் லேசாகத் தீப்பிடிக்கும். மிட்ஜ்லியின் வித்தை இதில் நடக்காது.

ஆகவே இன்று பொறுப்பு மாட்டுபவர் கையில். முதலில் நைட்ரஜன் அடைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிஜன் கூடவே கூடாது, கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். பிறகு வேக்குவம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிய பின்பே வால்வைத் திறக்கலாம். பம்ப் இல்லாமல் வருகிற மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பிவிடுவது நல்லது.