பார்வைமான்

பார்வை என்னுஞ் சொல் இன்று பெரிதும் கண்ணின் தொழிலையே குறிக்கின்றது. சங்கநூல்களில் அதற்கு மற்றொரு பொருளும் உண்டு. காட்டு விலங்கையும் பறவையையும் அகப்படுத்தற்பொருட்டு வேட்டுவர் பழக்கி வைத்திருந்த அவ்வவ்வினத்து உயிரும் பார்வை எனப்பட்டது. இப்பொருளை மறந்தார்க்குப் புறநானூற்று 320ஆம் பாட்டு விளங்காது.

வீரை வெளியனார் பாடிய அப்பாட்டில், கொடி படர்ந்த முற்றத்து நிழலில் வேட்டுவன் அயர்ந்து உறங்குகின்றான். அங்குள்ள பிணையோடு தனித்து வந்த கலையொன்று கூடி விளையாடுகின்றது. அதனைக் கண்ட மனையோள், கணவன் எழுந்துவிடுவானோ எனவும், கலை பிணையை விட்டு நீங்குமோ எனவும் அஞ்சி அசையாதிருக்கின்றாள். உலரவிட்ட தினையைக் கானக்கோழியும் இதலும் கவர்ந்து உண்கின்றன. பிணைக்குப் புலவர் தந்த அடை பார்வை என்பதாம். மருண்ட நோக்கினையுடைய பிணை என ஒருவர் பொருள் கொள்ளக்கூடும். அங்ஙனங் கொள்ளின், வேட்டுவன் முற்றத்தில் பிணை இருத்தற்குக் காரணம் இல்லை. மனையோளின் அச்சமும் வலியிழக்கும். பிணை தன் தொழிலை முடித்துவிட்டது, கலை வந்துவிட்டது, வேட்டுவன் கண் விழிப்பதொன்றே எஞ்சியுள்ளது. அதனை அவள் விரும்பவில்லை.

புறநானூற்றுப் பழையவுரை 266 பாட்டுகளோடு நின்றுவிடுகின்றது. ஆதலின் இப்பொருளுக்குச் சான்றினைப் பெரும்பாணாற்றுப்படையில் தேடல் வேண்டும். அங்கு எயினர் குடிலின் முன்னே நிற்கும் விளாமரத்தின் தாள், பார்வை கட்டப்பெற்றுத் தேய்ந்துள்ளது. நச்சினார்க்கினியர் அதனைப் பார்வைமான் என்றே கொண்டார். மரம் தேயுமளவு கட்டப்பெற்ற மான், வேட்டைநாளில் மட்டும் கொணரப்பட்டதாகாது. நெடுநாள் மனையில் வாழ்ந்ததாகும். அம்மரநிழலிலேயே எயிற்றியர் நிலவுரலில் புல்லரிசி குற்றுகின்றனர். நாளும் அம்மானோடு புழங்கிய பெண்ணின் இரக்கமே புறப்பாட்டிற் காண்பது. ஆயினும் அவள் தினை உலர்த்தியது மான்தோலில் என்பதையும் மறத்தல் கூடாது. வேட்டையை வெறுத்த இரக்கம் அன்று அது.

பறவைப் பார்வைக்கு நற்றிணை 212, 312ஆம் பாட்டுகள் சான்றாகும். பின்னதில், குளிரால் நடுங்கும் வெண்குருகின் கட்டினை வேட்டுவனே அருளோடு களைகின்றான்.

மானைக் கொண்டு மானைப் பிடித்தல் தமிழகத்திற்கே உரியதன்று. அக்பர் காலத்து வேட்டைமுறைகளை எழுதிய அபுல் பசல், பழக்கிய மானுக்கு வலையைப் பூட்டிக் காட்டுமானொடு பொரவிடும் முறையை அயினி அக்பரியில் விளக்குகின்றார். பொருகையில் காட்டுமான் வலையிற் சிக்கும். அங்கே பகை இழுத்தது. இங்கே காதல் இழுத்தது.

14ஆம் நூற்றாண்டில் இச்சொல் சைவ சாத்திரத்துள் புகுந்தது. திருவருட்பயனின் 45ஆம் குறளில் உமாபதி சிவம், உயிர்களை ஆட்கொள்ள இறைவன் மக்கள் வடிவைப் போர்த்து வருதலை, விலங்கைப் பிடிக்கக் காட்டும் பார்வையோடு ஒப்பிட்டார். குறளளவில் விளக்கமின்றியே அவர் அச்சொல்லை ஆளுதலின், வேட்டுவர் பார்வை அக்காலத்து மாணாக்கர்க்கு அறிந்த பொருளாகவே இருந்திருத்தல் வேண்டும்.