கோயில் ஏட்டில் எழுதிய கல்யாணம்

நம் பங்கின் பழைய விவாக ஏடுகளைப் பற்றி ஜூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று விழாக் குழுவினர் எங்களைக் கேட்டபோது, இதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தேதி, இரண்டு சாட்சிகள். பக்கத்துக்குப் பக்கம் இவ்வளவுதானே! பங்குச் சாமியாரின் அனுமதியோடு அலமாரியைத் திறந்து, தூசி தட்டி, வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் குண்டடம் சந்தைக்கு வந்த ஒரு பாட்டி, கையில் பையோடு படியேறி வந்தார்.

"ஏனுங் கண்ணு, என்ற கண்ணாலத்த எழுதி வெச்ச பொஸ்தகம் இதுதானுங்களா?"

அவருடைய கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைத்தவர். இறந்து இரண்டு வருஷமாகிறது. பிராவிடண்ட் பண்டிலிருந்து மனைவிக்கு வரவேண்டிய பென்ஷனுக்கு விவாகச் சான்றிதழ் கேட்கிறார்களாம். கல்யாணம் நடந்தது நம் கோயிலில் அல்ல. பெண் வீட்டார் ஊர்ப் பங்கில். அங்கே போய்க் கேட்டாயிற்று. அந்த வருஷத்து ஏட்டில் அப்படி ஒரு கல்யாணமே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "அப்ப நாங்க ஊரறியக் கட்டுனது பொய்யுங்களா?" என்று கேட்டார். எந்த வருஷம் ஆத்தா என்றோம். "எம்.ஜி.ஆர். மொதலமைச்சரான வருசமுங்க" என்றார். 1977. அந்தப் பங்கில் புரட்டியதும் அதே 1977 ஏட்டைத்தான்.

அந்தப் பாட்டிக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த ஏடுகளின் கதை எங்களுக்குத் தெரியவந்தது. பாட்டியைப் பிறகு பார்ப்போம்.

கல்யாணத்தை எழுதிவைக்க வேண்டும் என்ற கட்டளை திரிதெந்தீன் பொதுச்சங்கத்தில் பிறந்தது. 1563 நவம்பர் 11-ஆம் நாள் கூடிய அமர்வில், பங்குக் குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் முன்னிருக்க விவாகம் நடக்கவேண்டும், மணமக்கள் பெயரையும் சாட்சிகள் பெயரையும் நாளையும் இடத்தையும் குருவானவர் ஒரு புத்தகத்தில் எழுதிக் காக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதற்கு முன் ஐரோப்பாவில் ஆளறியாமல் வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு இல்லையென்று கைவிட்டுப் போன ஆண்களால் எத்தனையோ பெண்கள் தெருவில் நின்றார்கள். அப்படிக் கைவிட்டு மறுப்பதைத் தடுக்கவே இந்த ஏடு வந்தது. மூன்று முறை கோயிலில் கூறி அறிவிக்கும் வழக்கத்தையும் அதே சங்கம் உறுதிப்படுத்தியது. நாம் அதை ஓலை வாசிப்பது என்கிறோம். பனையோலை போய்க் காகிதம் வந்து எத்தனையோ காலமாகியும் பெயர் மாறவில்லை.

நம் கொங்கு நாட்டில் சேசு சபைக் குருக்கள் மதுரை மிஷனிலிருந்து வந்து வேதம் போதித்தார்கள். இராபர்ட் தெ நொபிலி சுவாமி மதுரைக்கு வந்தது 1606-இல். 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டது. பிறகு பாரீஸ் அந்நிய வேதபோதக சபையார் புதுச்சேரியை மையமாகக் கொண்டு இந்தப் பகுதிகளையும் கவனித்தார்கள். கோயம்புத்தூர் 1850-இல் தனி விகாரியத் ஆயிற்று. 1886-இல் மேற்றிராசனம் ஆயிற்று. முதல் தலைவர் மரியோன் பிரேசிலாக் ஆண்டகை. அவர் பின்னாளில் ஆப்பிரிக்க மிஷனுக்கென ஒரு சபையை நிறுவி, 1859-இல் பிரீடவுன் நகரில் காய்ச்சலில் உயிர் துறந்தார்.

சர்க்கார் கணக்கில் நம் ஊர் எத்தனை ஜில்லா பார்த்துவிட்டது! தாராபுரம் தாலுக்கா 1979 வரை கோயம்புத்தூர் ஜில்லா. பிறகு பெரியார் மாவட்டம். அதுவே ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது. 2009 முதல் திருப்பூர் மாவட்டம். ஆகையால் ஒரே வீட்டில் அப்பா சான்றிதழில் ஒரு மாவட்டமும் மகன் சான்றிதழில் வேறு மாவட்டமும் இருந்தால் யாரும் கலங்கவேண்டாம். திருச்சபைக் கணக்கில் அன்றும் இன்றும் கோயம்புத்தூர்தான்.

ஏட்டைத் திறந்ததும் எங்களைத் திணறவைத்தது பெயர்கள். பழைய பக்கங்கள் இலத்தீனில் இருக்கின்றன. சின்னப்பனைத் தேடினால் சின்னப்பன் கிடைக்கமாட்டார், பவுலுஸ் என்றிருப்பார். இராயப்பன் பெத்ருஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், பெலவேந்திரன் அந்திரேயாஸ், ஞானப்பிரகாசம் அலோசியுஸ். பிரெஞ்சு சாமிமார் தமிழ்ப் பெயரை அப்படியே எழுதினாலும், நம் உகரத்துக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்துப் போடுவார்கள். 'சவரிமுத்து' என்ற பெயரை ஆங்கில வழக்கில் தேடிய எங்களில் ஒருவர் அரைநாள் வீணாக்கினார். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு, பள்ளிக்கூடப் பெயர் வேறு, கம்பெனி வருகைப் பதிவில் உள்ள பெயர் வேறு. வீட்டுப் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் ஞானஸ்நானப் பெயரையும் கேட்டுக்கொண்டு வந்தால் எங்கள் கண்ணுக்கு நல்லது.

இன்னொரு புதையலும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று முறை பார்த்துக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். திருச்சபைச் சட்டப்படி இப்படிப்பட்ட நெருங்கிய உறவுக்கு விதிவிலக்கு வேண்டும். மேற்றிராணியாரிடமிருந்து வந்த விதிவிலக்கை, எந்தப் படி உறவு என்பதோடு ஏட்டில் குறித்துவிடுவார்கள். பழைய எண்ணிக்கையில் 'இரண்டாம் படி' என்றிருந்தால் மணமக்கள் இருவருக்கும் ஒரு தாத்தா பாட்டி பொது என்று பொருள். 1983-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் எண்ணும் முறை மாறியதால் அதே உறவு 'நான்காம் படி' ஆகிவிட்டது. உறவு தூரமாகிவிடவில்லை, கணக்குத்தான் மாறியது! மூன்று தலைமுறைக்கு இந்தக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் வம்ச விருட்சமே எழுந்து நிற்கிறது. நிலப்பத்திரம் இல்லாத கூலிக் குடும்பங்களுக்கும் அப்படி எழுந்து நிற்பதைப் பார்த்து நாங்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

இனி சர்க்கார் சட்டம். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் குடியேறியிருக்கும் நம் பிள்ளை ஒருவர், 'அப்பா அம்மாவுடைய விவாக லைசென்ஸ் வேண்டும்' என்று எழுதிக் கேட்டிருந்தார். அந்த நாட்டில் மணமக்கள் கல்யாணத்துக்கு முன்பே கவுண்டி எனப்படும் வட்டார அலுவலகத்தில் லைசென்ஸ் வாங்கவேண்டும். கல்யாணம் முடிந்ததும் குருவானவர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப, அது அங்கேயே பதிவாகிவிடும். எந்தக் கவுண்டி என்று தெரிந்தால் நகல் கேட்டு எழுதலாம். நம் சட்டத்திலும் லைசென்ஸ் என்ற சொல் உண்டு. ஆனால் அது மணமக்களுக்கு அல்ல, சில சபைகளின் போதகர்களுக்குச் சர்க்கார் கொடுப்பது. மேற்றிராணியாரால் குருப்பட்டம் பெற்றவருக்கு அதுவும் தேவையில்லை. நமக்கு லைசென்ஸின் இடத்தில் நிற்பவை மூன்று ஓலைகளும் ஞானஸ்நானச் சான்றிதழும்தான் என்று அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதினோம்.

இந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவை நம்மவர்களில் பலர் அறியார். கத்தோலிக்க விவாகங்களை மேற்றிராணியார் நியமித்தவர் பதிவு செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பதிவுகளின் விவரத்தைப் பதிவுத் தலைமை அதிகாரிக்கு அனுப்பவேண்டும் என்கிறது அது. 79-ஆம் பிரிவின்படி ஏட்டை வைத்திருப்பவர், உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு, தகுந்த நேரத்தில் தேட அனுமதித்து, நகலும் கையெழுத்திட்டுத் தரவேண்டும். அந்த நகல் கோர்ட்டில் சாட்சியமாகும் என்பது 80-ஆம் பிரிவு.

'இந்த ஒரு எழுத்தை மட்டும் திருத்திக் கொடுங்கள்' என்று கேட்டுச் சாமியாரைச் சங்கடப்படுத்துகிறவர்கள் 78-ஆம் பிரிவைப் படிக்கவேண்டும். எழுதியதில் பிழை கண்டால், கண்ட ஒரு மாதத்துக்குள், மணமக்கள் முன்னிலையிலோ, அவர்கள் இறந்துவிட்டாலோ இல்லாவிட்டாலோ நம்பத்தகுந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையிலோ, ஓரத்தில் குறிப்பெழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடலாம். மூல எழுத்தைத் தொடக்கூடாது. சுரண்டி எழுதிய ஏடு ஒரு கல்யாணத்துக்கு மட்டுமல்ல, அதிலுள்ள எல்லாக் கல்யாணங்களுக்கும் சந்தேகத்தைக் கிளப்பும்.

எம்மதத்தார் விவாகமும் பதிவாக வேண்டும் என்று நம் மாநிலம் 2009-இல் தனிச் சட்டம் செய்திருக்கிறது. கல்யாணமான 90 நாளுக்குள் அதற்குரிய பதிவாளரிடம் மனுக் கொடுக்கவேண்டும். இளந்தம்பதிகள் இதை ஒத்திப்போடவேண்டாம்.

பாட்டியின் விஷயத்துக்கு வருவோம். அவருக்குக் கைகொடுத்தது 1907-இல் பத்தாம் பத்திநாதர் காலத்தில் வெளியான ஒரு கட்டளை. அது 1908 பாஸ்கு முதல் நடைமுறைக்கு வந்தது. விவாக ஏட்டில் எழுதினால் மட்டும் போதாது. மணமக்கள் எந்தெந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றார்களோ அந்தப் பங்குகளுக்கும் தெரிவித்து, அவர்களுடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்கவேண்டும் என்றது அக்கட்டளை. அதையே 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பும் சொல்கின்றன. போதாக்குறைக்கு 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பு, பங்கு ஏடுகளின் நகலை ஆண்டு முடிவில் மேற்றிராணியார் அலுவலகத்துக்கு அனுப்பவும் கட்டளையிட்டது. எண்ணிப் பாருங்கள்: நடந்த பங்கின் ஏடு, மாப்பிள்ளையின் ஞானஸ்நான ஏடு, பெண்ணின் ஞானஸ்நான ஏடு, மேற்றிராணியார் அலுவலகம், சர்க்கார் பதிவுத் துறை. விதிப்படி நடந்திருந்தால் ஒரு கல்யாணம் ஐந்து இடத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒன்றைக் கரையான் தின்றாலும் நான்கு இருக்கும்.

பாட்டியின் கணவர் ஞானஸ்நானம் பெற்றது நம் கோயிலில். வயதைக் கணக்குப் போட்டு முன்னும் பின்னும் ஐந்து வருஷம் புரட்டினோம். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் கிடைத்தார். இடது ஓரத்தில் நீல மையில் இரண்டு வரி: மனைவியின் பெயர், பங்கின் பெயர், தேதி. வருஷம் 1977 அல்ல, 1980!

பாட்டி பொய் சொல்லவில்லை. எம்.ஜி.ஆர். 1977-லும் முதலமைச்சரானார், ஆட்சி கலைக்கப்பட்டுத் தேர்தலில் வென்று 1980 ஜூனில் மறுபடியும் ஆனார். பாட்டிக்கு நினைவிருந்தது இரண்டாவது. 'இல்லை' என்று சொன்ன பங்கும் பொய் சொல்லவில்லை; கேட்ட வருஷத்தில் இல்லைதான். தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்து அனுப்பினோம். அங்கே பத்து நிமிஷத்தில் பக்கம் கிடைத்ததாம்.

சான்றிதழ் வாங்கிய கையோடு பாட்டி மறுபடியும் நம்மிடம் வந்தார். அந்த ஏட்டில் தாம் போட்ட கையெழுத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தாராம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் கன்னியர் மடத்து அம்மா ஒருவர் கையைப் பிடித்து எழுதப் பழக்கிய கையெழுத்து. "கோணலாத்தானுங்க இருக்குது, ஆனா அளியலீங்க" என்றார். ஏட்டிலுள்ள பெயரும் கம்பெனிப் பெயரும் ஒரே ஆளுடையவை என்று காட்ட இன்னொரு தாள் வேண்டுமாம். அதற்காக இப்போது நடந்துகொண்டிருக்கிறார்.

விவாகச் சான்றிதழ் தேடி வருகிறவர்கள் இருவருடைய ஞானஸ்நானப் பெயர், தகப்பனார் பெயர், கல்யாணம் நடந்த பங்கு, ஞானஸ்நானம் பெற்ற பங்கு, ஏறக்குறைய எந்த வருஷம் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரவும். தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் நம் கோயில்களில் விவாகம் வைப்பது அரிது; ஆகவே மாதம் நினைவிருந்தால் அதையும் எழுதவும், தேடும் பக்கங்கள் பாதியாகக் குறையும். ஏடுகளைப் பங்குச் சாமியாரின் அனுமதியின்றி யாரும் எடுக்கக்கூடாது. பக்கங்களைப் போட்டோப் பிடித்து மற்றவர்களுக்கு அனுப்பவும் கூடாது, ஏனெனில் அதே பக்கத்தில் அடுத்த வீட்டுக் கதையும் இருக்கிறது. பழைய ஓலைச் சீட்டோ, ஞானஸ்நானத் துண்டோ, கல்யாணப் பத்திரிகையோ வீட்டுப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து காட்டினால், பார்த்துக் குறித்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.