நிபந்தனை, ஆக்கநிலை, கட்டு: ஓர் உளவியற் கலைச்சொல்லும் சித்தூர்ப் பள்ளிகளும்

மனித நடத்தை எவ்வாறு கற்கப்படுகிறது, எவ்வாறு மாற்றப்படுகிறது என்னும் வினாவிற்கு இருபதாம் நூற்றாண்டு உளவியல் அளித்த விடைகளுள் பல ‘கண்டிஷனிங்’ என்னும் ஓர் ஆங்கிலச் சொல்லைச் சுற்றி அமைந்தன. அதே சொல்லை உளவியலாரின் கருத்துக்கு ஏறத்தாழ எதிரான நோக்கில் உலகெங்கும் எடுத்தாண்டவர் மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. (அவ்வூர் அன்று கடப்பை மாவட்டத்தது; 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுட் சேர்ந்து, 2022இல் பிரிந்தது.) இவ்விரு வழக்குகளையும் தமிழில் ஒரே சொல்லால் பெயர்க்கலாகுமா என்பது அகராதியைப் புரட்டித் தீர்க்கக்கூடிய சிக்கலன்று. சொல்லின் வரலாற்றோடு சித்தூர்ப் பகுதிப் பள்ளிகளின் வரலாற்றையும் சேர்த்து நோக்க வேண்டியுள்ளது.

சொல்லின் பிறப்பிலேயே ஒரு மொழிபெயர்ப்பு நெகிழ்ச்சி உண்டு. இரஷ்ய உடலியலறிஞர் பாவ்லவ் ‘உஸ்லோவ்னி’ என்னும் பெயரடையை ஆண்டார். ‘ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட’ என்பதே அதன் நேர்ப்பொருள். உணவு வாயிற் பட்டதும் நாய்க்கு உமிழ்நீர் சுரப்பது எந்நிபந்தனையும் வேண்டாத அனிச்சைச் செயல். மணியொலி கேட்டுச் சுரப்பதோ, அவ்வொலி முன்னர் உணவோடு பலமுறை இணைந்து வந்திருத்தல் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டது. அந்த இணைப்பு அற்றால் சுரப்பும் படிப்படியே மறையும். ஆங்கிலத்திற்கு வந்தபோது ‘கண்டிஷனல்’ என நின்றிருக்க வேண்டிய பெயரடை ‘கண்டிஷண்டு’ என முடிவுற்ற வினையின் வடிவம் பெற்றது. ஆன்ரெப் 1927இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பின் தலைப்பிலேயே அவ்வடிவம் இடம்பெற்று நிலைத்தது. நிலைமையைக் குறித்த பெயரடை, ஒருவர் மற்றொருவர்மீது செலுத்தும் வினையாக உணரப்படலாயிற்று. மொழிபெயர்ப்பில் ஒரு விகுதி மாறியதால் ஒரு துறையின் மனப்போக்கே சற்றுச் சாய்ந்தது எனில் மிகையாகாது.

அமெரிக்காவில் நடத்தையியலை 1913இல் அறிவித்த வாட்சன் அச்சாய்வை வளர்த்தார். ஸ்கின்னர் தூண்டலை விட்டு விளைவின்மேற் கருத்தைச் செலுத்தினார்: ஒரு செயலை அடுத்து வரும் பயனே அச்செயல் மீண்டும் நிகழ்வதை முடிவு செய்கிறது என்றார். மொழியையும் இவ்வாறே விளக்க அவர் 1957இல் முயன்றதும், 1959இல் சாம்ஸ்கி அதனை மறுத்ததும் மொழியியலார் நன்கறிந்தவை.

இனித் தமிழ் வழக்கிற்கு வருவோம். தமிழகக் கல்வியியல் நூல்களில் ஆக்கநிலையுறுத்தல், ஆக்கநிலையிறுத்தல் என எழுத்து வேறுபாட்டோடு இக்கலைச்சொல் வழங்குகிறது. இலங்கைத் தமிழில் நிபந்தனைப்படுத்தல் என்பது வழக்கு. திருப்பதியில் ஆசிரியப் பயிற்சி பெறும் தெலுங்கு மாணவர் பயிலும் நூல்களில் ‘நிபந்தனம்’ என்றும், இந்தியில் ‘அனுபந்தன்’ என்றும் காணப்படும். இரண்டிலும் உள்ளது ‘பந்த’ என்னும் கட்டுதற்பொருள் வேரே. பாவ்லவ் காட்டிய வகைக்குத் தமிழில் ‘பழமை’ என்னும் அடையும் தெலுங்கில் ‘சாஸ்திரீய’ என்னும் அடையும் வழங்குவதால், ஒரே கொள்கை ஓரிடத்தில் பழையதாகவும் மற்றோரிடத்தில் சாத்திர நெறிப்பட்டதாகவும் தோற்றம் தருவது சுவையான செய்தி. இவற்றுள் பாவ்லவின் மூலச்சொல்லுக்கு மிக அணுக்கமானது இலங்கை வழக்கே. தமிழகச் சொல்லில் உள்ள ‘ஆக்கம்’ வளர்ச்சியையும் நன்மையையும் உணர்த்துவதால், அச்சத்தைக் கற்பித்தலும் ஆக்கமாகிவிடுகிறது.

கிருஷ்ணமூர்த்தியிடம் இச்சொல் எதிர்த்திசையில் நிற்கிறது. நாடு, சமயம், குடும்பம், மொழி ஆகியவை மனத்தின்மேல் படியவைத்த கட்டு அது. அதனை முழுமையாகக் காண்பதே அதனினின்று விடுபடுதல் என்பது அவர்தம் கருத்து. ஒரு கட்டை நீக்க மற்றொரு பழக்கத்தைப் புகுத்துவதை அவர் ஏற்கவில்லை. (தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு பிறந்து, 1911இல் இங்கிலாந்து சென்றபின் அதனைப் பெரிதும் மறந்து, ஆங்கிலத்திலேயே பேசி வாழ்ந்தவர் இதனைக் கூறினார் என்பதும் நினைக்கத்தக்கது.) கல்வி பற்றி 1953இல் வெளிவந்த அவர் நூல் பரிசையும் தண்டனையையும் ஒருங்கே மறுக்கிறது. ஸ்கின்னரின் கொள்கையில் பரிசு, அதாவது வலுவூட்டல், அச்சாணி போன்றது. ஆகவே இருவருக்கும் பொதுவான களம் எதுவும் இல்லை என்றே தோன்றும்.

ஆயின் மதனப்பள்ளியை அடுத்த ரிஷி பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது வேறு. சென்னைக் கிண்டியில் இருந்த பள்ளியொன்று 1931இல் அங்கு இடம்பெயர்ந்து கிருஷ்ணமூர்த்தியின் கல்வி நோக்கிற்கு நிலைக்களமாயிற்று. 1980களின் இறுதியிலிருந்து பத்மநாப ராவ், ரமா இருவரும் அதன் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்கென ஒரு முறையை உருவாக்கினர். ஒரே அறையில் ஐந்து வகுப்புப் பிள்ளைகள்; ஆசிரியர் ஒருவர். பாடநூல் சிறுசிறு அலகுகளாகப் பகுக்கப்பட்டு அட்டைகளாயிற்று. அட்டைகளின் வரிசை சுவரில் ஓர் ஏணியாக வரையப்பட்டது. எழுத்தறியாத குழந்தையும் அட்டையிலுள்ள சின்னத்தைக் கொண்டு தன் படியைக் கண்டு, தட்டிலிருந்து உரிய அட்டையை எடுத்துக்கொள்ளும். தேர்ச்சி காணும் அட்டையில் தடுமாறினால் துணைப்பயிற்சி அட்டைக்குச் செல்லும். நாலு நாள் விடுப்பெடுத்த பிள்ளை, விட்ட இடத்திலிருந்தே தொடங்கும்.

இதனை ஸ்கின்னரோடு ஒப்பிடாமல் இருத்தல் அரிது. தம் மகளின் கணக்கு வகுப்பை 1953இல் பார்வையிட்ட அவர் இரு குறைகளைக் கண்டார்: எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் செல்ல வேண்டியிருந்தது, விடை சரியா என்பதை உடனே அறிய வழியில்லை. அதன்பின் அவர் வடிவமைத்த கற்பித்தற் பொறியில் சிறு படிகளும், தன் வேகமும், உடனடி விடையறிதலும் இருந்தன. சித்தூர் அட்டைகளிலும் இம்மூன்றும் உள்ளன. ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது எனக் கூறுதல் இங்கு நோக்கமன்று. ஆயினும் சித்தூரில் பொறியின் இடத்தில் அருகிலமர்ந்த மூத்த பிள்ளை இருந்தது. கண்டு கற்றல் பற்றிப் பந்தூரா 1960களில் ஆய்ந்து காட்டியது இங்கு அன்றாட நடைமுறையாயிற்று. பரிசும் தரவரிசையும் விலக்கப்பட்டன. நடத்தையியலின் படியமைப்பு தங்கிற்று, அதன் அச்சாணி கழன்றது. வண்டி ஓடிற்று என்பதுதான் கோட்பாட்டாளருக்கு இடர் தருவது.

இம்முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் புகுந்து, 2007 முதல் ‘செயல்வழிக் கற்றல்’ என்னும் பெயரில் தமிழகமெங்கும் பரவியது. தெலுங்கு அட்டைகளைப் பெயர்த்தால் மட்டும் போதவில்லை. நெடுங்கணக்கு வரிசையை விடுத்து, எழுதுதற்கு எளிய ட, ப போன்ற வடிவங்களிலிருந்து தொடங்கும் ஏணி தமிழுக்கெனத் தனியே அமைக்கப்பட்டது. ‘அ’வில் தொடங்காத அரிச்சுவடியைக் கண்டு பெற்றோர் திகைத்தனர் எனில் வியப்பில்லை.

எனவே பாவ்லவை மொழிபெயர்ப்பவர் ‘நிபந்தனை’யைக் கொள்வதும், கிருஷ்ணமூர்த்தியை மொழிபெயர்ப்பவர் ‘கட்டு’, ‘கட்டுண்ட மனம்’ என ஆள்வதும் தக்கன. பாடநூலில் ஊன்றிவிட்ட ‘ஆக்கநிலையுறுத்தல்’ ஸ்கின்னருக்கு ஓரளவு பொருந்தும். செயலை ஆக்கி நிலைநிறுத்தலே அவர் கருதியது. கடினமான இடம் ஒன்று எஞ்சுகிறது. 1976இல் இயற்பியலறிஞர் டேவிட் போம், மனநல மருத்துவர் டேவிட் ஷெயின்பெர்க் இருவரோடும் கிருஷ்ணமூர்த்தி நிகழ்த்திய உரையாடல்களில் மருத்துவர் தம் துறைப் பொருளிலும் கிருஷ்ணமூர்த்தி தம் பொருளிலும் ஒரு சொல்லையே கையாள நேரும். ஆங்கிலத்தில் அவர்கள் ஒன்றையே பேசுவதுபோல் தோன்றும். தமிழில் இரு சொல் ஆண்டால் உரையாடல் முறியும். ஒரு சொல் ஆண்டால் கருத்து மயங்கும். அங்கு ‘கட்டு’ என்பதையே இருவர் வாயிலும் வைத்து, மருத்துவர் கூற்றில் மட்டும் ‘பழக்கக் கட்டு’ என அடைகொடுத்தல் ஒரு வழி.