ஸ்பிட்ஃபயரின் ஆணையும் ஜீரோவின் தகடும்

இரண்டாம் உலகப் போர் விமானங்களை 1/72, 1/48 அளவில் செய்து பெயின்ட் அடிப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பிரிட்டிஷ் விமானத்துக்குச் சரியான நிறம் கண்டுபிடிப்பது எளிது, ஜப்பானிய விமானத்துக்குக் கடினம் என்பார்கள். காரணமும் இருக்கிறது. பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் நிற ஆணைகள் பெருமளவு தப்பிப் பிழைத்தன. 1976இல் ராயல் விமானப்படை அருங்காட்சியக வரிசையில் வந்த நூலில் நிறத்துண்டுகளே இடம்பெற்றன. ஜப்பானோ 1945 ஆகஸ்டில் சரணடைந்தபோது ராணுவ ஆவணங்களைக் குவித்து எரித்தது. ஆனாலும் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரையும் ஜப்பானியக் கடற்படையின் போர் விமானமான ஜீரோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தால், அந்த நம்பிக்கை பாதிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்பிட்ஃபயரின் அடிப்பாகத்துக்கு ‘ஸ்கை’ என்ற வெளிர்பச்சை நிறம் 1940 ஜூனில் ஆணையிடப்பட்டது. அந்தப் பெயின்ட் எல்லா இடத்துக்கும் உடனே போய்ச் சேரவில்லை. படைப்பிரிவுகள் கையில் இருந்ததைக் கலந்து அடித்தன. அதனால் அந்தக் கோடைகாலத்து விமானங்களில் நீலம் ஓடியதும் உண்டு, பச்சை ஓடியதும் உண்டு. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மேல்பாகத்துப் பழுப்பை எடுத்துவிட்டு ‘ஓஷன் கிரே’ அடிக்கச் சொன்னார்கள். அது கைக்கு வரும்வரை ‘மீடியம் சீ கிரே’ ஏழு பங்கு, கறுப்பு ஒரு பங்கு கலக்கலாம் என்று அளவும் கொடுத்தார்கள். அவசரத்தில் வாளியில் கலக்கும்போது அந்த ஒரு பங்கு எவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கும்?

மால்டா விஷயம் இன்னும் சிக்கலானது. 1942 ஏப்ரலில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான வாஸ்பில் ஏற்றி மால்டா தீவுக்கு அனுப்பிய ஸ்பிட்ஃபயர்கள் பாலைவன நிறத்தில் இருந்தன. கடலுக்கு மேல் அந்த மஞ்சள்பழுப்பு பளிச்சென்று தெரியுமே என்று அவற்றின் மேல் நீலம் அடித்தார்கள். எந்த நீலம், யாருடைய இருப்பிலிருந்து எடுத்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றுவரை உடன்பாடு இல்லை. இத்தனை ஆவணங்கள் வைத்திருந்த நாட்டின் விமானம் இது!

ஜீரோவுக்கு வருவோம். போருக்குப் பின் பல ஆண்டுகள் இதை வெளிர்சாம்பலாகவே அடித்துவந்தார்கள். 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்க வந்த ஜீரோக்களையும் படங்களில் அப்படித்தான் தீட்டினார்கள். இந்தப் பழக்கத்தை மாற்றியவை உடைந்த தகடுகள். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரில் விழுந்த ஜீரோக்களிலிருந்து அமெரிக்கர்கள் நினைவுப்பொருளாக எடுத்துவைத்த துண்டுகளில், மஞ்சள்பச்சை ஓடிய சாம்பல் இருந்தது. எரியாமல் தப்பிய ஜப்பானியக் கடற்படையின் 1942ஆம் ஆண்டு உருமறைப்புச் சோதனை அறிக்கையும், அப்போதைய ஜீரோவின் நிறம் சற்றே மஞ்சள்பழுப்புச் சாய்ந்த சாம்பல் என்றே சொல்கிறது. தகடும் தாளும் ஒத்துப்போவதால்தான் இந்த முடிவை நான் நம்புகிறேன்.

தகட்டை அப்படியே நம்பவும் கூடாது. வெயிலில் கிடந்த பெயின்ட், மேலே பொடி பூத்து வெளுத்துவிடும். மெல்லிய உப்புத்தாளை நனைத்து ஓர் ஓரத்தில் தேய்த்தால்தான் அடியிலிருக்கும் நிறம் தெரியும். பெட்டிக்குள் இருட்டில் கிடந்த பெயின்டுக்கு நேரெதிர் கதை: எண்ணெய் சார்ந்த பூச்சு வெளிச்சம் படாமலே மஞ்சளாகும். ஆகவே ஒரு துண்டில் தெரியும் மஞ்சளில் தொழிற்சாலை அடித்தது எவ்வளவு, காலம் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே தகடு போதாது. வெவ்வேறு இடங்களில் கிடந்த பல தகடுகளைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். யார் தயாரித்தது என்பதும் முக்கியம். ஜீரோவை மிட்சுபிஷியும் கட்டியது, நகாஜிமாவும் கட்டியது. எஞ்சின் மூடியின் கறுப்பில்கூட மிட்சுபிஷியினுடையதில் நீலம் ஓடும்.

கறுப்பு வெள்ளைப் படங்கள் இரண்டு விமானங்களுக்கும் ஒரே மாதிரி குழப்பம் தருகின்றன. அக்காலத்து ஒருவகைப் பிலிமில் சிவப்பும் மஞ்சளும் கருமையாக விழும், நீலம் வெளுத்துவிடும். ஸ்பிட்ஃபயரின் வட்டச் சின்னத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் வளையம் படத்தில் கறுத்திருந்தால், அந்தப் படத்தை வைத்து மற்ற நிறங்களை ஊகிக்காதீர்கள்.

டாமியா கம்பெனியே ஜப்பானியக் கடற்படைக்கென எக்ஸ்எஃப்-12 சாம்பல், எக்ஸ்எஃப்-76 சாம்பல்பச்சை என இரண்டு குப்பிகள் விற்கிறது. பேர்ல் ஹார்பர் ஜீரோவுக்கு இரண்டாவதைத் தயங்காமல் எடுங்கள். அதற்குப் பொருட்சான்று இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் செய்கிறீர்கள் என்றால் ஷேட் கார்டைத் திறப்பதற்கு முன், எந்தப் படைப்பிரிவு, எந்த மாதம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மால்டா ஸ்பிட்ஃபயருக்கு எந்த நீலம் அடித்தாலும், ஏன் அதைத் தேர்ந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி மாடலோடு சேர்த்து வையுங்கள்.