மூலிகைத் துணைப்பொருள்களும் நீரிழிவில் குருதி உறைதலும்

இரண்டாம் வகை நீரிழிவில் குருதி உறையும் போக்கு கூடுகிறது. ஃபைப்ரினோஜென், ஏழாம் உறைதல் காரணி, வான் வில்லபிராண்ட் காரணி ஆகியவை பலரிடம் மிகுந்திருக்கும். உறைகட்டி கரைவதைத் தடுக்கும் பிஏஐ-1 என்னும் புரதமும் உயர்கிறது. நீரிழிவு உள்ளவர்களை மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் தாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சர்க்கரையைக் குறைக்க வெந்தயம், சுக்கு, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை நாடுவது தமிழகத்தில் பரவலான வழக்கம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் சேரும் சுக்கின் அளவு வேறு. நாள்தோறும் பொடியாக விழுங்கும் அளவு வேறு. போர்டியா, வர்மா, ஸ்ரீவஸ்தவா ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு, அளவைப் பொறுத்து விளைவு மாறுவதை நன்கு விளக்குகிறது. இதயத் தமனி நோயாளிகளுக்கு மூன்று மாதம் நாளுக்கு 5 கிராம் வெந்தயம் கொடுத்தபோது, நீரிழிவும் உடையவர்களுக்குக் கொழுப்பு குறைந்தது, ஃபைப்ரினோஜென் மாறவில்லை. நாளுக்கு 4 கிராம் இஞ்சிப்பொடியும் உறைதலை அசைக்கவில்லை. ஆனால் ஒரே வேளையில் 10 கிராம் கொடுத்தபோது தட்டணுக்கள் ஒட்டித் திரள்வது தெளிவாகக் குறைந்தது. ஃபைப்ரினோஜென் மாறாததால், வெந்தயம் இரத்தத்தை மெலிதாக்கும் என்ற பரவலான நம்பிக்கையை இந்த ஆய்வு ஆதரிக்கவில்லை.

தட்டணுக்கள் திரள்வதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் உண்போர் செறிவூட்டிய பூண்டு, மஞ்சள் மாத்திரைகளைச் சேர்த்தால் இரத்தக்கசிவு நேரலாம். உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின், அசிட்ரோம் உண்போருக்குக் கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வலிமையைக் குறைக்கும். கீரையை விட வேண்டியதில்லை, அளவு சீராக இருந்தால் போதும். அறுவைக்கு முன் எல்லாத் துணைப்பொருள்களையும் மருத்துவரிடம் சொல்வது கட்டாயம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியும் இதில் அடங்கும்.