சாட்சிக்கு அழைக்கப்படாத தும்பி

குறுந்தொகையின் இரண்டாம் பாடலை வகுப்பில் எடுக்கும்போதெல்லாம் மாணவர் முகத்தில் ஒரு புன்னகை அரும்பும். பாடலைக் கேட்டு அன்று, தருமியை நினைத்து. 1965-இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ திரைப்படத்தில் நாகேஷ் புலம்பிய புலம்பல் அவர்களுக்கு மனப்பாடம். ஐந்தே அடிகொண்ட அகப்பாடலொன்று புராணத்தின் வழியே திரையேறிப் பள்ளி ஆண்டுவிழா நாடகமாகவும் ஆயிற்று. வழியில் தவறிப்போனது தும்பி.

இறையனார் பெயரிலுள்ள அப்பாடல் தலைவியிடம் பேசவில்லை. நேரே தும்பியிடம் பேசுகிறது. (தும்பி என்றது தேனுண்ணும் வண்டினை, இன்று அப்பெயரால் வழங்கும் தட்டானை அன்று.) என் மனம் குளிரச் சொல்லாதே, நீ அறிந்ததையே சொல் என்கிறான் தலைவன். பூவெல்லாம் நுகர்ந்த பட்டறிவு வண்டுக்கே உண்டு. ஆதலின் அதன் சொல்லே சான்று. தலைவியின் செவியில் விழுமாறு கேட்பதால் அது நலம் பாராட்டலும் ஆகிறது. வண்டு விடை கூறுவதில்லை. பாடலின் அழகு அந்த மௌனத்திலேயே நிற்கிறது என்பது என் துணிபு.

தருமிக்குப் பொற்கிழி அருளிய செய்தி 7-ஆம் நூற்றாண்டிலேயே அப்பர் தேவாரத்தில் இடம்பெற்றுவிட்டது. பரஞ்சோதி முனிவர் பிற்காலத்தில் அதனை விரித்துப் பாடினார். மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்று நக்கீரரும் சிவபெருமானும் வழக்காடுகின்றனர், நெற்றிக்கண் திறக்கிறது, புலவர் பொற்றாமரைக் குளத்தில் வீழ்கிறார். வழக்கின் ஒரே சாட்சியாகிய வண்டினை அவையில் எவரும் அழைக்கவில்லை. கூந்தலுக்குரிய பெண்ணையும் கேட்கவில்லை! படத்தை இயக்கிய ஏ.பி. நாகராசனே நக்கீரராகத் தோன்றிய அக்காட்சியின் சொல்வன்மையை நான் குறைத்து மதிப்பவள் அல்லேன். ஆயினும் அங்கும் வழக்கு இரு ஆடவர்க்கிடையே முடிந்துபோகிறது.

பெண்களின் விளையாட்டோ தும்பியை மறக்கவில்லை. பரஞ்சோதியாருக்குப் பல நூற்றாண்டு முன்னரே, மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் அம்மானை, சாழல், உந்தி, ஊசல் முதலிய மகளிர் விளையாட்டு மரபுப் பாடல்களோடு திருக்கோத்தும்பியும் அமைந்துள்ளது. 20 பாடல்கள். கோத்தும்பி என்பது அரச வண்டு. அதனை விளித்து, அயனும் மாலும் அறியாத திருவடியிற் சென்று ஊதுக என ஏவுகின்றனர். தினையளவு பூந்தேனுக்கு அலையவேண்டா என்று செல்லமாய்க் கடிவதும் உண்டு. கண்ணப்பர் கதை ஓரிடத்தில் வந்து போகிறது. திருமங்கையாழ்வாரும் திருக்கண்ணபுரத்துப் பெருமானின் துழாய்மாலைக்குத் தும்பியை இவ்வாறே அனுப்பினார்.

குறுந்தொகையில் தும்பியை வினவியவர் இறைவனே என்பது புராணக் கொள்கை. கோத்தும்பியில் அத்தும்பியை அவரிடமே திருப்பி அனுப்புகின்றனர் மகளிர். ஒரு பாடலில் அது காணவேண்டிய கோலம், ஒருபால் தோலும் குழையும் திருநீறும், மறுபால் துகிலும் தோடும் சாந்தும் கிளியும் கொண்ட மாதொருபாகன் கோலம். அக்கோலத்தை நோக்கிக் குளிர்ந்து ஊதுமாறு மட்டுமே வேண்டுகின்றனர். கூந்தலைப் பற்றி அப்பாடலில் ஒரு சொல்லும் இல்லை.